பாதி பாதுகாப்பு, முழு ஆபத்து: ட்ராக் டே போகும் சாதா காருக்கு எது தேவை, எது வேண்டாம்?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமார் ஓட்டிய கார் தடுப்புச் சுவரில் மோதி, பம்பரம் போலச் சுழன்று நின்றது. அந்தக் காணொளியைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. அடுத்த மாதமே ஸ்பெயினின் வலென்சியாவில் அவரது கார் உருண்டது. இரண்டு முறையும் அவர் காயமின்றி வெளியே வந்தார். "தல தப்பிச்சுட்டார்" என்று ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர் எப்படித் தப்பினார் என்ற கேள்வி மட்டும் பெரிதாகப் பேசப்படவில்லை.

அந்தக் காரில் அவரைக் காப்பாற்றியது ஏதோ ஒரு பொருள் அல்ல. இரும்புக் கூண்டு, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சீட், ஆறு முனை பெல்ட், கழுத்துத் தாங்கி, ஹெல்மெட், தீ தாங்கும் உடை ஆகிய எல்லாம் ஒரே அமைப்பாக வேலை செய்தன. அதில் எந்த ஒன்றையும் தனியாகக் கழற்றி வேறொரு காரில் மாட்டினால் அதே பலன் கிடைக்காது. சில நேரம் பலன் தலைகீழாகவும் ஆகிவிடும். ட்ராக் டே மோகம் பெருகிவரும் இந்த நேரத்தில் கார் உரிமையாளர்கள் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

ட்ராக் டே என்றால் என்ன?

ட்ராக் டே பந்தயம் அல்ல. கோப்பை கிடையாது, முதலிடம் கிடையாது. கட்டணம் கட்டி, தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் அதே காரை மூடிய ஓடுதளத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள் அது. ஓட்டுநர்களை அனுபவத்துக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரிப்பார்கள். முந்துவதற்கு இடம், முறை எல்லாம் முன்பே சொல்லப்படும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சோழவரத்துப் பழைய விமானதளத்தில் கார்களும் பைக்குகளும் சீறிய காலம் ஒன்று உண்டு. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் வந்தது. இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படும் அது சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம் கொண்டது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஈ.சி.ஆரில் நள்ளிரவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் இளைஞர் அந்த ஆசையை இங்கே தீர்த்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம். ஓடுதளத்தில் எதிரே வண்டி வராது, மாடு குறுக்கே வராது.

ஆனால் ஓடுதளத்துக்குள் போவதாலேயே சாதா கார் பந்தயக் காராக மாறிவிடாது.

வேகம் கூடும்போது என்ன நடக்கிறது?

வேகம் இரண்டு மடங்கானால் காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே கணக்குதான். நகரத்தில் 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஓடுதளத்தின் நேர்கோட்டு முடிவில் 150 கி.மீ. வேகத்தைத் தொட்டால், அதன் ஆற்றல் 6 மடங்குக்கும் மேல். அந்த ஆற்றலை ஒவ்வொரு சுற்றிலும் பல முறை பிரேக் உறிஞ்ச வேண்டும். பிரேக் தவறினால் அந்த மிச்சத்தைத் தடுப்புச் சுவரும் உடம்பும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் பாதுகாப்பு என்றதும் பெல்ட், கூண்டு என்று கடைக்கு ஓடுவதற்கு முன், மோதாமல் இருப்பதற்குச் செலவு செய்ய வேண்டும்.

முதல் செலவு: பிரேக், டயர்

சாதாச் சாலையில் நன்றாக இருக்கும் பிரேக், ஓடுதளத்தில் நாலைந்து சுற்றிலேயே கைவிடக்கூடும். காரணம் வெப்பம். பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உருவாகும். ஆயிலை அழுத்த முடியாது; ஆவியை அழுத்த முடியும். எனவே மிதித்த பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

டாட் 3 தரத்தில் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். டாட் 4-க்கு 230 டிகிரி, டாட் 5.1-க்கு 260 டிகிரி. இதெல்லாம் புதிய ஆயிலின் கணக்கு. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் ஏறிய டாட் 4-க்கு வகுத்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் மூன்று வருடம் மாற்றாத ஆயிலோடு ஓடுதளத்துக்குப் போகிறவர், தலையில் எவ்வளவு விலை உயர்ந்த ஹெல்மெட் போட்டிருந்தாலும் ஆபத்தில்தான் இருக்கிறார்.

புதிய பிரேக் ஆயில், அதிக வெப்பம் தாங்கும் பேட், தேய்மானமும் வயதும் பார்த்து வைத்த டயர் ஆகிய மூன்றும் ஒரு ஹார்னஸ் செட்டைவிட அதிக உயிர்களைக் காக்கும். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். "பட்டன் நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாமல் அதையும் பார்க்க வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. பெயரில் எண் பெரிது என்பதற்காக அதை டாட் 4 போடும் காரில் ஊற்றக் கூடாது.

ஆனால் நடப்பது என்ன? புகைபோக்கிக்கும் ரீமேப்புக்கும் பெரும் தொகை போகிறது. பிரேக் ஆயில் மாற்றுவது 'அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போகிறது. இந்த வரிசை தவறு.

ஹெல்மெட்: பைக் ஹெல்மெட் போதாதா?

ட்ராக் டே போகிறவர் தனக்கென்று வாங்க வேண்டிய முதல் பொருள் ஹெல்மெட். வீட்டில் ஏற்கெனவே பைக் ஹெல்மெட் இருக்கிறதே என்ற கேள்வி எழும். தொடக்கநிலை நிகழ்வுகள் சிலவற்றில் முகம் முழுக்க மூடும் பைக் ஹெல்மெட்டை அனுமதிப்பதும் உண்டு. ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஹெல்மெட் தரத்தில் உலகம் முழுக்கப் பேசப்படும் பெயர் ஸ்னெல். 1956-ல் கார் பந்தய விபத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் என்ற ஓட்டுநரின் நினைவாக, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அறக்கட்டளை அது. அதன் 'எம்' முத்திரை பைக்குக்கு, 'எஸ்.ஏ' முத்திரை கார் பந்தயத்துக்கு. எஸ்.ஏ ஹெல்மெட்டுக்குத் தீ தாங்கும் சோதனை உண்டு. காருக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் தலை மோதினால் என்னாகும் என்ற சோதனையும் உண்டு. பைக் ஹெல்மெட்டுக்கு இந்த இரண்டும் கிடையாது. பைக்காரர் சாலையில் விழுவார். கார்க்காரர் ஒரு பெட்டிக்குள் அடைபட்டு மோதுவார். ஆபத்து வேறு என்பதால் சோதனையும் வேறு.

வாங்கும்போது எஸ்.ஏ.2020 அல்லது அதற்குப் பிந்தைய முத்திரை இருக்கிறதா என்று உள் துணியை விலக்கிப் பார்ப்பது நல்லது. பின்னாளில் கழுத்துத் தாங்கி மாட்டுவதற்கான திருகு இடங்களும் இவற்றில் இருக்கும். அளவு அதைவிட முக்கியம். ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அது பெரிது. நண்பரிடம் இரவல் வாங்குவது, 'ஒரு தடவை கீழ விழுந்தது, ஒண்ணும் ஆகல' என்ற பழைய சரக்கை வாங்குவது இரண்டுமே வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் வேலை முடிந்தது. வெளியே கீறல்கூடத் தெரியாது.

கம்பெனி கொடுத்த பெல்ட்டை ஏளனம் செய்ய வேண்டாம்

மூன்று முனை சீட் பெல்ட்டைப் பார்த்தால் ட்ராக் ஆர்வலர்களுக்கு ஓர் இளக்காரம். 'ரேஸ் கார்ல இதையா போடுறாங்க?' என்பார்கள். ஆனால் இன்றைய காரில் அது வெறும் நாடா அல்ல. மோதிய கணத்தில் பெல்ட்டை இறுக்கும் சாதனம், நெஞ்சில் சுமை அளவு மீறும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் சாதனம், காற்றுப்பை, நசுங்கும் முன்பகுதி ஆகிய எல்லாமும் ஒன்றையொன்று கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. எந்த நொடியின் எந்தப் பகுதியில் தலை எங்கே இருக்கும் என்று பொம்மைகளை வைத்து மோதிப் பார்த்துத்தான் அந்தக் காற்றுப்பை விரியும் நேரத்தையே தீர்மானிக்கிறார்கள்.

அந்த அமைப்பைத் தொடாமல், எஸ்.ஏ ஹெல்மெட்டோடு, நல்ல பிரேக்கோடு ஓட்டுவது ட்ராக் டேயின் தொடக்கநிலைக்கு ஏற்ற, முழுமையான வழி. திருப்பங்களில் உடம்பு சரிகிறது என்பதுதான் குறை. அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: சீட்டைச் சற்றுப் பின்னே தள்ளி, பெல்ட்டை மாட்டி, வெடுக்கென்று இழுத்துப் பூட்டச் செய்து, அப்படியே பிடித்துக்கொண்டு சீட்டை முன்னே கொண்டுவந்தால் பெல்ட் இறுகி நிற்கும். காசு செலவில்லை. பெல்ட்டின் பாதுகாப்பும் அப்படியே இருக்கும்.

ஹார்னஸ் மட்டும் மாட்டினால் என்ன ஆகும்?

சிக்கல் தொடங்குவது இங்கேதான். இணையத்தில் ஒரு நான்கு முனை ஹார்னஸ் வாங்கி, பின் சீட்டு பெல்ட் போல்ட்டில் மாட்டி, கம்பெனி சீட்டிலேயே உட்கார்ந்து ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்க முடிகிறது. படம் எடுக்க நன்றாக இருக்கும். விபத்தில் அது நான்கு விதமாகக் காலை வாரும்.

முதலாவது, வழுக்கல். நான்கு முனை பெல்ட்டை மேலே இறுக்க இறுக்க, இடுப்புப் பட்டை வயிற்றை நோக்கி ஏறும். மோதும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவினால், அந்தப் பட்டை இடுப்பெலும்பில் நிற்காமல் குடலையும் கல்லீரலையும் அழுத்தும். இதைத் தடுக்கத்தான் கால்களுக்கு நடுவே வரும் ஐந்தாவது, ஆறாவது பட்டைகள். அவற்றை மாட்ட சீட்டின் அடியில் துளை வேண்டும்; கம்பெனி சீட்டில் அது இல்லை.

இரண்டாவது, தோள்பட்டைக் கோணம். தோள் பட்டைகள் ஏறக்குறைய கிடைமட்டமாகவோ சற்றே கீழிறங்கியோ பின்னால் போக வேண்டும். பின் சீட்டு போல்ட்டில் தரையோடு மாட்டினால் அவை செங்குத்தாக இறங்கும். மோதும்போது விசை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும்.

மூன்றாவது, கூரை. மூன்று முனை பெல்ட்டில் கார் கவிழ்ந்தால் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் உண்டு. ஹார்னஸ் உடம்பைத் தூண் போல நிமிர்த்திக் கட்டிவிடும். கூரை நசுங்கி இறங்கினால் அதைத் தாங்குவது தலையும் கழுத்தும்தான். ஆகவே ஹார்னஸ் போட்டால் ரோல் பார் வேண்டும். பெல்ட் மாட்டுவதற்காக மட்டும் விற்கப்படும் குறுக்குக் கம்பி ரோல் பார் ஆகாது. கூரையைத் தாங்கும் வேலைக்கு அது வடிவமைக்கப்படவில்லை.

நான்காவது, கழுத்து. மனிதத் தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் சுமார் 6 கிலோ. புவியீர்ப்பைப் போல 50 மடங்கு வேகக்குறைப்பு நிகழும் மோதலில் அது 300 கிலோவாக இழுக்கும். தோள்கள் பின்னால் கட்டப்பட்டிருக்க, தலை மட்டும் முன்னால் பறக்கும்.

ஒரு பேராசிரியரின் கண்டுபிடிப்பு

அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்ட், தன் மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து 1980-களில் உருவாக்கியதுதான் 'ஹான்ஸ்' கழுத்துத் தாங்கி. தோளில் உட்காரும் அந்தச் சட்டம் ஹெல்மெட்டை இரண்டு வார்களால் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் பல ஓட்டுநர்கள் அதை அசௌகரியம் என்று ஒதுக்கினார்கள். 2001 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் நாஸ்கார் ஜாம்பவான் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி, மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். அந்த ஆண்டே நாஸ்கார் கழுத்துத் தாங்கியைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா 1-ல் 2003 முதல் கட்டாயம்.

ஆகக் கணக்கு இப்படி முடிகிறது. ஹார்னஸ் வேண்டுமென்றால், அதன் பட்டைகள் நுழையத் துளையுள்ள, முதுகு மடங்காத பக்கெட் சீட் வேண்டும். முறையாக வெல்டிங் அல்லது போல்ட் செய்து தரையில் பதித்த ரோல் பார் வேண்டும். கழுத்துத் தாங்கி வேண்டும், அது மாட்டும் ஹெல்மெட் வேண்டும். ஒன்று எடுத்தால் ஐந்தும் எடுக்க வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் எதையும் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம். பக்கத்து சீட்டில் நண்பரையோ பயிற்சியாளரையோ ஏற்றிக்கொள்வதாக இருந்தால், அவருக்கும் அதே பாதுகாப்பு இருக்க வேண்டும். மூன்று முனை பெல்ட்டோடு பயன்படுத்தக்கூடிய கழுத்துத் தாங்கி வகைகளும் இப்போது வருகின்றன. கம்பெனி அமைப்பைக் கலைக்க விரும்பாதவர்கள் அடுத்த படியாக அதைப் பரிசீலிக்கலாம்.

அதே காரில் திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டுமே!

முழு செட்டையும் மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. கூண்டுக் கம்பி தலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஹெல்மெட் போட்டவருக்கு அது பாதுகாப்பு. ஹெல்மெட் இல்லாமல் மார்க்கெட்டுக்குப் போகிறவருக்குச் சிறு மோதலிலேயே மண்டையை உடைக்கும் ஆயுதம். பக்கெட் சீட் மாற்றினால் பழைய சீட்டுக்குள் இருந்த பக்கவாட்டுக் காற்றுப்பையும் போய்விடும். பின் சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்கவே முடியாமல் போகலாம்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளரின் அசல் வடிவத்திலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே கூண்டு அடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டவர், அந்தக் காரை ஓடுதளத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு போவதே சரி. ஒரே கார் வீட்டுக்கும் வேண்டும், ஓடுதளத்துக்கும் வேண்டும் என்றால் கம்பெனி பெல்ட்டோடு நின்றுகொள்வது நல்லது.

சின்னச் சின்ன விஷயங்கள்

உடை: பாலியஸ்டர், நைலான் டீ-ஷர்ட் வேண்டாம். தீயில் உருகித் தோலோடு ஒட்டும். கை முழுக்க மூடும் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட், அடிப்பாகம் மெல்லிய ஷூ போதும். வசதி இருந்தால் தீ தாங்கும் கையுறையும் உடையும் வாங்கலாம்.

தீயணைப்பான்: ஏ.பி.சி பவுடர் சிலிண்டர் மலிவு. ஆனால் மூடிய காருக்குள் அடித்தால் மூச்சு முட்டும், எஞ்சினையும் அரிக்கும். மிச்சம் விடாத வாயு வகை விலை அதிகம், காருக்கு உகந்தது. எதுவானாலும் உலோகப் பிடியில், போல்ட் போட்டு இருக்க வேண்டும். 2 கிலோ சிலிண்டரைப் பிளாஸ்டிக் டையில் கட்டினால், விபத்தில் அதுவே பீரங்கிக் குண்டு.

தண்ணீர் பாட்டில், ஜாக்கி, டேஷ்போர்டு பிள்ளையார், காலடியில் கழன்று கிடக்கும் மேட் எல்லாவற்றையும் ஓடுதளத்தில் இறங்கும் முன் எடுத்துவிட வேண்டும். இழுக்கும் கொக்கியை டூல் கிட்டிலிருந்து எடுத்து முன்னால் திருகிவைக்க வேண்டும். ஹெல்மெட்டோடு பெல்ட்டைக் கழற்றி வெளியே வர எத்தனை நொடி ஆகிறது என்று நிறுத்திய காரில் இரண்டு முறை பழகிக்கொள்வது நல்லது.

காலாவதி: ஹார்னஸ் நாடாவுக்கு ஆயுள் உண்டு. எஃப்.ஐ.ஏ முத்திரை பெற்ற பெல்ட்டில் எந்த ஆண்டுவரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும். எஸ்.எஃப்.ஐ முத்திரைக்கு இரண்டு ஆண்டுதான். வெயில் நாடாவைத் தின்னும். நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். விபத்தில் சிக்கிய பெல்ட்டை இரண்டாம் கையாக வாங்குவது, கிழிந்த குடையை மழைக்கு வாங்குவது போல.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

தனிநபர் கார் பாலிசியின் வழக்கமான நிபந்தனைகளிலேயே, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும். 'இது ரேஸ் இல்ல சார், ட்ராக் டே' என்ற வாதம் எடுபடும் என்று நம்பிப் போகக் கூடாது. கார் நொறுங்கினால் கைக்காசு என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். அந்த இழப்பைத் தாங்க முடியாதவர் அந்தக் காரை அந்த வேகத்தில் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

யார் பொறுப்பு?

எல்லாம் இருந்தும் உயிர் போவதுண்டு. 2023 ஜனவரியில் இதே சென்னை ஓடுதளத்தில், தேசிய கார் பந்தயத்தில் மோதிக் கவிழ்ந்த விபத்தில் மூத்த ஓட்டுநர் கே.இ.குமார் உயிரிழந்தார். பல்லாண்டு அனுபவம் உள்ளவர் அவர். எந்தக் கருவியும் உத்தரவாதம் இல்லை என்பதை அந்த மரணம் சொல்கிறது. அதற்காகக் கருவியே வேண்டாம் என்று ஆகாது. அதை அலங்காரமாக வாங்கக் கூடாது என்றுதான் ஆகும்.

ட்ராக் டே நடத்துகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் வண்டிகளைச் சோதிக்கும்போது டயரையும் ஹெல்மெட்டையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினால் மட்டும் போதாது. ஹார்னஸ் மட்டும் மாட்டிய காரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அல்லது அதைக் கழற்றிவிட்டுக் கம்பெனி பெல்ட் போடச் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்க வேண்டும். பதிவுக் கட்டணத்தை இழக்க மனமில்லாமல் அரைகுறை வண்டியை உள்ளே விடுவது, ஓட்டுநருக்குச் செய்யும் உதவி அல்ல.

புதிதாகப் போகிறவர் மறந்துவிடக் கூடாத வரிசை இதுதான்: முதலில் பிரேக்கும் டயரும், அடுத்து எஸ்.ஏ ஹெல்மெட், பிறகு உடையும் தீயணைப்பானும், அதன்பின் ஒரு நல்ல பயிற்சியாளரோடு அரை நாள். ஹார்னஸும் கூண்டும் பற்றிய யோசனை, ஓடுதளத்துக்கென்றே தனிக் கார் வாங்கும் நாளில் வரட்டும். அதுவரை கம்பெனி பெல்ட்டை இழுத்துப் பூட்டி ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.